பின்னால பாரு, ஸஹ்னா

லிஸ்பன் நகரத்தில் எந்த ட்ராமில் ஏற வேண்டும் என்று ஸுஹைலுக்குச் சொல்லிக்கொடுத்தது, இலங்கையை விட்டு ஒருநாளும் வெளியே போகாத அவனுடைய மனைவி ஸஹ்னா.

“மஞ்சள் நிறம். நெத்தியில இருபத்தெட்டுன்னு போட்டிருக்கும். பன்னிரண்டுல ஏறிடாதீங்க, அது சும்மா ஒரு சுத்து சுத்திட்டு அங்கேயே வந்துரும்,” என்றாள் போனில்.

“இங்க வரிசையில ஐம்பது பேர் நிக்கிறாங்க.”

“நில்லுங்க. ஏறினதும் இடது பக்கம் ஜன்னல் ஓரமா இருங்க. ஆறு அந்தப் பக்கம்தான் தெரியும்.”

அவன் நின்றான். நவம்பர் மாதம். வெயில் அடித்தது, ஆனால் சுடவில்லை. அப்படி ஒரு வெயிலை அவன் அதற்கு முன் கண்டதில்லை.

ஸுஹைல் மாத்தளை டவுனில் வாசனைத் திரவியங்களை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனியில் கொள்முதல் பார்ப்பவன். ஒரு மிளகை வாயில் போட்டுக் கடித்தே அது எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவான். கம்பனி அவனை ஒரு கண்காட்சிக்கு அனுப்பியிருந்தது. மூன்று நாள் மண்டபத்துக்குள் ஒரு மேசைக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களுக்குக் கறுவாப் பட்டையும் சாதிக்காயும் முகரக் கொடுத்தான். ஊரைப் பார்க்கவே இல்லை. நாலாம் நாள் இரவு விமானம். அந்த ஒரு பகல்தான் அவனுக்குக் கிடைத்தது.

ஸஹ்னா பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவள். பதின்மூன்று வருஷமாக ஐரோப்பாவின் படத்தைக் கரும்பலகையில் கீறுகிறாள். டிக்கெட் ஒருவருக்கு மட்டும்தான் என்று தெரிந்தபோது அவள் முகம் கோணவில்லை. இரண்டு நாள் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ட்ராம் போகிற பாதையை ஒரு கொப்பித் தாளில் கீறி, எந்தத் தரிப்பில் என்ன தெரியும் என்று சின்ன எழுத்தில் குறித்துப் படமெடுத்து அனுப்பிவிட்டாள். “நீங்க போனைப் பிடிச்சிட்டு இருந்தாப் போதும். மிச்சத்த நான் பார்த்துக்கிறேன்,” என்று சொல்லியிருந்தாள்.

ஊரில் ஐந்து நாளாக மழை. பாடசாலைகள் மூடியிருந்தன. இரத்தோட்டையிலிருந்து நாலு கிலோமீட்டர் மேலே, கராம்பும் மிளகும் நட்ட சரிவில் இருந்தது அவர்களுடைய வீடு. முந்தின நாளிலிருந்து கரண்ட் இல்லை. வீட்டில் சிக்னலும் போய்விட்டது. அதனால் ஸஹ்னா மகள் நப்லாவையும் கூட்டிக்கொண்டு, ஒரே குடையில், ஓடையைத் தாண்டி, எதிர்ப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குக் கீழே இருக்கிற மதகடிக்கு வந்திருந்தாள். அங்கே மட்டும் போன் எடுக்கும். பள்ளிவாசலில் ஜெனரேட்டர் ஓடியதால் போனுக்குச் சார்ஜும் போட்டிருந்தாள்.

“வாப்பா எங்க?” என்று கேட்டான் ஸுஹைல்.

“மாமா நம்ம வீட்டுலதான் இருக்கிறார். வாங்கன்னு கூப்பிட்டேன். இந்த மழையில ட்ராம் பார்க்கவா, நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்கன்னு சிரிக்கிறார்.”

ஸுஹைலின் தகப்பன் லாபிருக்கு எழுபத்தொரு வயது. மனைவி இறந்த பிறகு மகனோடு ஒரே வீட்டில் இருந்தார். மழை பெய்தால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிற மனிதர்.

“ட்ராம் வந்திருச்சு,” என்றான் ஸுஹைல்.

நப்லா போனுக்குள் முகத்தை நுழைத்தாள். “வாப்பா, காட்டுங்க, காட்டுங்க!”

அது ஒரு பொம்மையைப் போல இருந்தது. ஒற்றைப் பெட்டி. மரத்தாலான உள்பக்கம், மினுக்கித் தேய்ந்த பித்தளைப் பிடிகள். ஓட்டுநர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், கட்டையாக வெட்டிய நரைமுடி. ஸுஹைல் பயண அட்டையைக் காட்டி ஏறி, ஸஹ்னா சொன்னபடியே இடது பக்க ஜன்னலோரம் இடம் பிடித்தான். கையை வெளியே நீட்டி, போனைத் தெருவுக்குக் காட்டினான்.

ட்ராம் மேட்டில் ஏறியது. தெரு ஒடுங்கிக்கொண்டே போனது. வீட்டுச் சுவர்கள் ஜன்னலுக்கு அவ்வளவு கிட்ட வந்தன, கையை நீட்டினால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டலாம். சுவரெல்லாம் நீலமும் வெள்ளையுமாகப் பூப்போட்ட ஓடுகள். மேல்மாடியில் காயப்போட்ட துணிகள் ட்ராம் கூரையைத் தொட்டு ஆடின.

“பார்த்தீங்களா, பார்த்தீங்களா,” என்று ஸஹ்னா சொல்லிக்கொண்டே இருந்தாள். “அந்த நீல ஓடுகளை இன்னொருக்கா காட்டுங்க. மெதுவா.”

“ட்ராம் நிக்குதா நான் மெதுவாக் காட்ட?”

பின் இருக்கையில் மரக்கறிப் பையோடு ஒரு கிழவி இருந்தாள். காற்று அவளுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். ஸுஹைலின் தோளில் தட்டி, “ஜனேலா, ஜனேலா,” என்று விரலால் காட்டினாள்.

ஸுஹைல் சட்டென்று ஜன்னலைப் பாதி இறக்கினான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு ஆச்சரியம் வந்தது. “ஸஹ்னா, இந்த மனுசி ஜன்னல்னு சொன்னா! எனக்கு விளங்கிச்சு!”

ஸஹ்னா விழுந்து விழுந்து சிரித்தாள். “அது அவங்கட சொல்லுதான். ஜன்னல், கதிரை, சப்பாத்து, பாண், எல்லாம் அவங்க அந்தக் காலத்துல நம்ம நாட்டை ஆண்டப்ப நம்மகிட்ட விட்டுட்டுப் போனது. கதிரைன்னு சொல்லிப் பாருங்க.”

அவன் கிழவியைத் திரும்பிப் பார்த்து, தான் இருந்த இருக்கையைத் தட்டி, “கதிரை,” என்றான். கிழவி கொஞ்சம் யோசித்துவிட்டு, “கதேய்ரா! சிம், சிம்!” என்று தலையை ஆட்டினாள். நப்லா போனுக்குள்ளிருந்து, “சப்பாத்து கேளுங்க வாப்பா!” என்று கத்தினாள். ட்ராமில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஸுஹைலுக்கு அந்தக் காலை அவ்வளவு பிடித்திருந்தது.

உச்சிக்குப் போய் ட்ராம் இறங்கத் தொடங்கியது. வீடுகள் விலகின இடத்தில், கீழே பெரிய நீர்ப்பரப்பு வெயிலில் மின்னியது.

“கடல்!” என்றான் ஸுஹைல்.

“ஆறு,” என்று திருத்தினாள் ஸஹ்னா. “தேஜோ. கடலுக்கு இன்னும் தூரம் இருக்கு. போனை அசைக்காமப் பிடிங்க. கொஞ்சநேரம் அப்படியே வச்சிருங்க.”

அவன் வைத்திருந்தான்.  மதகடியில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பதின்மூன்று வருஷமாகக் கீறின ஆறு அது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

“மழை எப்படி?” என்று கேட்டான்.

“விட்டு விட்டுப் பெய்யுது. நீங்க அத விடுங்க. அடுத்தது ஒரு வளைவு வரும், ரொம்ப ஒடுக்கம்.”

வளைவில் ட்ராம் நின்றுவிட்டது. யாரோ ஒருவன் சாமான் ஏற்றுகிற வேனைத் தண்டவாளத்தின் மேல் விட்டுவிட்டுப் போயிருந்தான். ஓட்டுநர் மணியை அடித்தாள், திரும்பத் திரும்ப அடித்தாள். ஆள் வரவில்லை. பயணிகளுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. சிலர் இறங்கிப் படமெடுத்தார்கள்.

காட்ட ஒன்றும் இல்லாததால் ஸுஹைல் போனைத் தன் பக்கம் திருப்பினான். ஸஹ்னாவின் முகம் திரையை நிரப்பியது. முக்காட்டின் ஓரம் நனைந்திருந்தது. அவள் தோளுக்கு மேலே ஓடை, ஓடைக்கு அப்பால் சரிவு, சரிவின் நடுவே அவர்களுடைய வீட்டின் நீலத் தகரக் கூரை, அதற்கு மேலே கராம்பு மரங்கள். வெளிச்சம் குறைவாக இருந்தாலும் எல்லாம் தெரிந்தது.

“வேன் ஒன்னு மறிச்சிட்டு நிக்குது,” என்றான்.

“அங்கயும் அப்படியா?” என்று அவள் சிரித்தாள்.

அப்போது ஒரு கராம்பு மரம் நகர்வதை அவன் கண்டான்.

அது விழவில்லை. நின்றபடியே கீழே வந்தது. பக்கத்து மரமும் வந்தது. சிக்னல் குழம்பிப் படம் வழுக்குகிறது என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் ஸஹ்னாவின் முகம் வழுக்கவில்லை. அவள் பின்னால் மட்டும்தான் எல்லாம் நகர்ந்தது. மரங்களுக்கு மேலே சரிவில் ஒரு பழுப்புக் கோடு திறந்து அகன்றது. நீலத் தகரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மடிந்து, இல்லாமல் போனது.

“பின்னால பாரு!” என்று கத்தினான். “ஸஹ்னா, பின்னால! ஓடு!”

“என்ன? சத்தம் வெட்டுது,” என்றாள். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மலை! மலை வருது! மேல ஓடு, பள்ளிவாசலுக்கு ஓடு!” அவன் எழுந்து நின்றான். போனுக்குள் விரலை நீட்டி அவள் தோளுக்குப் பின்னால் காட்டினான். விரல் கண்ணாடியில்தான் முட்டியது.

அவள் சிரிப்பு நின்றது. கழுத்து திரும்பியது. குடை ஒரு பக்கம் பறந்தது. நப்லாவின் சிவப்புச் சட்டை ஒருகணம் தெரிந்தது. பிறகு வானம், ஒரு கை, கல், தண்ணீர் நிறத்தில் எதுவோ. லொறி ஒன்று மதகில் கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம். திரை ஒரு சாம்பல் நிறத்தில் உறைந்தது. அதன் நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு வட்டமும் போய்விட்டது.

 ட்ராமில் இருந்த எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ஒருத்தர் எழுந்து தன் பிள்ளையைக் கிட்ட இழுத்துக்கொண்டார். மரக்கறிக் கிழவி மட்டும் அவன் சட்டைக் கையைப் பிடித்து ஏதோ கேட்டாள். ஸுஹைல் அவளுக்குத் தமிழிலேயே சொன்னான். “வீடு போயிருச்சு. என்ட வாப்பா உள்ள. மகள் அங்க நிக்கிறா.” அவளுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. கையை விடவில்லை.

அந்த நேரம் பார்த்து வேன்காரன் ஓடிவந்து வேனை எடுத்தான். இறங்கி நின்றவர்கள் கைதட்டினார்கள். ட்ராம் மணியடித்துக்கொண்டு புறப்பட்டது.

ஸுஹைல் ஸஹ்னாவின் இலக்கத்தை அழுத்தினான். நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு குரல் முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில் சொன்னது. திரும்ப அழுத்தினான். பள்ளிவாசல் மௌலவியின் இலக்கம், அதே குரல். இரத்தோட்டைச் சந்தியில் கடை வைத்திருக்கிற மச்சானின் இலக்கம், அதே குரல். மூன்று மொழியையும் கடைசிவரை கேட்டான். முதலிலேயே வெட்டிவிட்டால் ஏதாவது தவறிவிடும் போலிருந்தது.

இறங்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அசைந்தால் இருக்கிற சிக்னலும் போய்விடும் என்று பயந்தான். ட்ராம் கீழே இறங்கி, பெரிய கடைத்தெருக்களைக் கடந்து, மறுபடி ஒரு மேட்டில் ஏறியது. கோயில்கள் வந்தன, சிலைகள் வந்தன, பூங்கா வந்தது. ஸஹ்னாவின் தாளில் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. ஒன்றும் அவன் கண்ணில் விழவில்லை. ஒரு தரிப்பில் மரக்கறிக் கிழவி இறங்கினாள். இறங்குவதற்கு முன் அவன் தலையில் கையை வைத்துவிட்டுப் போனாள்.

கடைசித் தரிப்பு கல்லறைகள் நிறைந்த ஒரு பெரிய மையவாடியின் வாசல். எல்லாரும் இறங்கினார்கள். ஓட்டுநர் வந்து அவன் முன்னால் நின்று, ஆங்கிலத்தில், “முடிஞ்சுது. இறங்கணும்,” என்றாள்.

அவன் போனைக் காட்டினான். காட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை, கறுத்த திரைதான். தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான். “மலை. என் வீட்டுக்கு மேல விழுந்தது. நான் பார்த்தேன். இதுல பார்த்தேன்.”

“இப்பவா?”

“இப்ப. அந்த வேன் மறிச்சு நின்னப்ப.”

அவள் வாயைக் கையால் பொத்தினாள். அவனுக்கு முன்னாலிருந்த இருக்கையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் வைத்து, “இருங்க. திரும்பிப் போறப்ப நானே கொண்டுபோய் விடுறேன்,” என்றாள். அடுத்த முறைக்கு வரிசையில் நின்றவர்கள் ஏறினார்கள். அவனைச் சுற்றி மறுபடி படம் எடுத்தார்கள்.

பாதி வழியில் ஒரு இலக்கம் எடுத்தது. மாத்தளை டவுனில், அவனுடைய கந்தோரில் கணக்குப் பார்க்கிற உமாசுதன். ஆறு வருஷமாகப் பக்கத்து மேசை.

“ஸுஹைல்? எங்க நிக்கிறீங்க?”

“உமா, எங்கட வீட்டுப் பக்கம் மண் சரிஞ்சிருக்கு. நான் கண்ணால பார்த்தேன். ஸஹ்னா மதகடியில நின்னா. மகளும் நின்னா.”

 உமாசுதன் பக்கத்தில் யாரிடமோ கேட்டுவிட்டுச் சொன்னான். “அந்த ரோட்டுல மூனு இடத்துல உடைஞ்சிருக்குன்னு இப்பத்தான் சொன்னாங்க. வீட்டுப் பேரு ஒன்னும் தெரியல. நான் சைக்கிள்ல போறேன். போற வரைக்கும் போய், மிச்சம் நடக்கிறேன்.” மோட்டார் சைக்கிளைத்தான் அவன் அப்படிச் சொல்வான். “போனை வச்சிருங்க. சார்ஜ் இருக்கட்டும்.”

ட்ராம் ஏறின சதுக்கத்துக்கே ஓட்டுநர் அவனைக் கொண்டுவந்து சேர்த்தாள். பக்கத்தில் பங்களாதேஷ்காரர் ஒருவருடைய பலசரக்குக் கடை. அவள் தானே இறங்கி உள்ளே போய், அந்தக் கடைக்காரரிடம் ஏதோ சொன்னாள். அதற்குள் பின்னால் வந்த ட்ராம் மணியடிக்கத் தொடங்கியிருந்தது. அவள் ஸுஹைலின் தோளைத் தொட்டுவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

கடைக்காரர் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு, போனைச் சார்ஜில் மாட்டினார். மூன்று மணித்தியாலம் அவன் அந்த ஸ்டூலில் இருந்தான். ஆட்கள் அரிசி வாங்கினார்கள், போனார்கள். ளுஹர் தொழுகை நேரம் கடைக்காரர் பின்னறையில் ஒரு விரிப்பைப் போட்டார். ஸுஹைல் அவருக்குப் பக்கத்தில் நின்று தக்பீர் கட்டினான். ஓத வேண்டியது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சின்ன வயதிலிருந்து ஓதுகிற ஃபாத்திஹா வரவில்லை. மரங்கள் நின்றபடியே இறங்குவதுதான் கண்ணுக்குள் வந்தது. கடைக்காரர் குனிந்தபோது குனிந்தான்.

பிற்பகல் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

“ஸுஹைல், உமா. ஆமிக்காரர் ஒருத்தர்ட போன்ல கதைக்கிறேன். டீச்சர் இருக்கிறாங்க. நப்லாவும் இருக்கிறா. ரெண்டு பேரும் இரத்தோட்டைப் பாடசாலையில. நான் பார்த்துட்டேன், அவங்க முன்னுக்குத்தான் நிக்கிறேன்.”

ஸுஹைல் வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டான். “வாப்பா?”

“தேடுறாங்க.”

“உமா.”

“தேடுறாங்க, ஸுஹைல். வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

பிறகு போன் கைமாறியது. யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அது ஸஹ்னாதான் என்று அவனுக்குத் தெரிந்தது. “வாங்க,” என்றாள். அந்த ஒரு சொல்தான்.

அவன் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது மூன்றாம் நாள் காலை. கண்டிப் பாதை மூடியிருந்ததால் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து குருநாகல், அங்கிருந்து தம்புள்ளை, பிறகு தெற்கே. உமாசுதன் டவுனில் காத்திருந்தான். பாதை உடைந்த இடம்வரை சைக்கிளில் போய், மிச்சத்தை நடந்தார்கள். ஸுஹைலின் காலில் கண்காட்சிக்கு வாங்கின சப்பாத்து. சேற்றில் ஒன்று கழன்று போனது. மற்றதையும் கழற்றி எறிந்தான்.

பாடசாலையில் எட்டாம் வகுப்பறை. நாற்பது பேர் இருந்தார்கள். ஸஹ்னா யாரோ கொடுத்த அபாயாவோடு சுவரில் சாய்ந்திருந்தாள். நப்லா மர வாங்கின் மேல் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். ஸுஹைல் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் நப்லாவின் மேல் கிடந்த துணியை இழுத்துவிட்டாள்.

“நீங்க கத்தினது ஒன்னும் எனக்குக் கேக்கல்ல,” என்றாள். “சத்தம் முழுக்க வெட்டிருச்சு. ட்ராமுல யாரோ உங்கள அடிக்கிறாங்கன்னு நினைச்சேன். உங்க முகம் அப்படி இருந்திச்சு. அப்புறம்தான் விரலப் பார்த்தேன். திரும்பினா, மாமா வீட்டோட போறார்.”

“வாப்பாவைப் பார்த்தியா?”

“வீட்டத்தான் பார்த்தேன். அவர் உள்ளதானே இருந்தார்.” அவள் நப்லாவின் காலைத் தடவினாள். “பள்ளிவாசல் படியில ஏறுறப்ப மதகு போயிருச்சு. மௌலவி கையைப் பிடிச்சு இழுத்தார். இவட ஒரு செருப்பு மட்டும்தான் போச்சு.”

லாபிரை மறுநாள் கண்டார்கள். ஆமிக்காரர்களும் ஊர் ஆட்களும் மண்வெட்டியோடு நின்றார்கள். மண் அள்ளுகிற பெக்கோ வர வழியில்லை. ஸுஹைலும் தோண்டினான். சமைக்கிற குசினி இருந்த இடத்துக்கு இருபது அடி கீழே, ஒரு கராம்பு மரத்தின் வேருக்குள் அவர் இருந்தார். மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில் உடையாமல் இருந்தது. அதை ஒரு சிங்களப் பொடியன், ஆமிக்காரன், தன் உடுப்பில் துடைத்து ஸுஹைலிடம் நீட்டினான். நீட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதான். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை அடக்கினார்கள். மையவாடியில் மண்ணைக் கையில் எடுத்தபோது ஸுஹைலின் கையிலிருந்து அது காலடியிலேயே கொட்டியது.

வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். “ட்ராம் பார்க்கப் போகாட்டி நீங்களும் இல்ல, பிள்ளையும் இல்ல. அல்லாஹ் அந்த ட்ராமைக் காட்டி வெளிய எடுத்திருக்கிறான்.”  அந்தப் பேச்சு வருகிறபோதெல்லாம் ஸஹ்னா எழுந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விடுவாள்.

ஜனாஸா முடிந்த மூன்றாம் நாள், கிராம சேவகரும் இன்னோர் அதிகாரியும் பாடசாலைக்கு வந்து பெயர் எழுதினார்கள். அவர்களிடம் ஆபத்தான வீடுகளின் பட்டியல் ஒன்று இருந்தது. ஸஹ்னா அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். தங்கள் வீடு அதில் இல்லை. கூடவே இருந்த வரைபடத்தை மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபத்தைக் காட்டும் சிவப்புக் கோடு அவர்கள் வீட்டுச் சரிவுக்குக் கீழேயே நின்றிருந்தது. பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற சரிவிலும் கோடு இல்லை. அங்கே ஆறு வீடுகள், எல்லாவற்றிலும் இன்னும் ஆட்கள்.

“மழை திரும்ப வரும்னு சொல்றாங்க. நான் மேல அந்த வீடுகளுக்குப் போறேன்,” என்றாள் ஸுஹைலிடம். “நீங்களும் வாறீங்களா?”

போனார்கள். ஐந்து வீட்டுக்காரர்கள் அதிகம் மறுத்துப் பேசவில்லை. எதிர்ச் சரிவில் கிடந்த பழுப்புக் காயத்தைப் பார்த்தபடியே வாசலில் நின்றவர்கள், சாமானைக் கட்டினார்கள். ஆறாவது வீடு நோனா என்பவளுடையது. அறுபது வயது விதவை, தனியாக இருக்கிறவள். கோழிகளுக்குத் தீன் போட்டுக்கொண்டே தலையை ஆட்டினாள்.

“என்ட பேரு பட்டியல்ல இல்ல. கிராம சேவகர் வந்து பார்த்துட்டுத்தான் போனார். நான் எதுக்குப் பாடசாலைத் தரையில போய்ப் படுக்கணும்?”

“எங்கட பேரும் இருக்கல்ல, மாமி.”

“அது அல்லாஹ்ட கத்ர், விதி. முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?”

“தெரிஞ்சிச்சு,” என்றாள் ஸஹ்னா.

ஸுஹைல் அவளைப் பார்த்தான்.

“ரெண்டு நாளைக்கு முன்னுக்கே பின்சுவர்ல வெடிப்பு வந்திச்சு. விரல் போற அளவு. கிணத்துத் தண்ணி கலங்கினது. அந்த ரெண்டு கராம்பு மரமும் சாய்ஞ்சு நின்னிச்சு. நான் பார்த்தேன். மழை விட்டதும் பூசிக்கலாம்னு மாமா சொன்னார். எனக்கும் சரின்னுதான் பட்டிச்சு.” அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “நான் இதைத்தான் மாமி பத்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். சுவர் வெடிச்சா, தண்ணி கலங்கினா, மரம் சாய்ஞ்சா உடனே வெளிய போகணும்னு பரீட்சையில கேள்வி போட்டிருக்கிறேன். அன்டைக்கு எனக்கு ட்ராம்தான் தலைக்குள்ள ஓடிச்சு. உங்க குசினிச் சுவரைப் பார்த்தேன். வெடிச்சிருக்கு.”

நோனாவின் கையிலிருந்த தீன் தட்டு அப்படியே நின்றது. கோழிகள் அவள் காலைக் கொத்தின.

 லிஸ்பனிலிருந்து ஸுஹைல் போனில் மழையைப் பற்றிக் கேட்டது நாலு தரம் இருக்கும். நாலு தரமும் அவள் பேச்சை மாற்றியிருந்தாள். அவனும் மாற விட்டிருந்தான்.  குசினிக்குள் போய் சுவரைப் பார்த்தான். வெடிப்பு மேலிருந்து கீழ்வரை, அவனுடைய சுண்டுவிரல் அகலத்துக்கு இருந்தது. திரும்பி வந்து, மூலையில் கிடந்த, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியை எடுத்து, கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போடத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் நோனாவும் பிடிக்க வந்தாள்.

இறங்கும்போது வழி ஓர் இடத்தில் அரித்துப் போயிருந்தது. ஸுஹைல் முதலில் தாண்டி, பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினான். நோனா பிடித்துத் தாண்டினாள். பிறகு ஸஹ்னா. அவள் கையை அவன் விடவில்லை.

“நீங்க ஒன்னும் கேக்கல்ல,” என்றாள் அவள்.

“இன்னும் கேக்க ஏலாது,” என்றான். “கேப்பேன்.”

அந்தச் சரிவு அந்த மழைக்கு இறங்கவில்லை. இன்றுவரை இறங்கவில்லை. ஆறு குடும்பங்களும் மாத்தளை டவுனுக்கு வெளியே வாடகைக்கு இருக்கின்றன. ஸுஹைலும் ஸஹ்னாவும் நப்லாவும் அதே வரிசையில் ஒரு வீட்டில். கோழிகள் அடைந்து கிடக்கின்றன, முட்டை இடுவதில்லை, ஒன்றும் ஆகாத வீட்டிலிருந்து என்னை எழுப்பிக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்று வெள்ளிக்கிழமைதோறும் நோனா வந்து வாசலில் நின்று ஏசுகிறாள். ஸஹ்னா ஒரு கதிரையைப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, அவள் ஏசி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.